மார்பகம் பற்றி மாணவிகளிடம் பேசியபோது

அறுவை சிகிச்சைப் பிரிவின் புறநோயாளிகள் அறையில் செவிலியராக இருக்கிறேன். மார்பில் கட்டி என்று வருகிற பெண்களை டாக்டர் பார்ப்பதற்கு முன், திரைக்குப் பின்னால் உட்காரவைத்து விவரம் கேட்டு எழுதுவது என் வேலை. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்பேன். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் பதில் இதுதான்: "ரொம்ப நாளா இருக்கு சிஸ்டர். வலிக்கல, அதான் விட்டுட்டேன்."

சில வருடங்களாகப் பள்ளிகளுக்குப் போய்ப் பதின்ம வயது மாணவிகளுக்கு மார்பக ஆரோக்கியம் பற்றி வகுப்பும் எடுத்து வருகிறேன். அங்கே நிலைமை நேர் எதிர். "வலிக்குது சிஸ்டர், கேன்சரா இருக்குமா?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. அம்மா வயதில் இருப்பவர் வலிக்கவில்லை என்று சும்மா இருந்துவிடுகிறார். மகள் வயதில் இருப்பவள் வலிக்கிறது என்று தூக்கம் கெட்டுப் போகிறாள். இரண்டுக்கும் வேர் ஒரே நம்பிக்கைதான்: ஆபத்து என்றால் வலிக்கும். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வளரும் பெண்ணின் மார்போ அடிக்கடி வலிக்கும், அந்த வலிக்குப் பின்னால் அநேகமாக ஹார்மோன் மாற்றம்தான் இருக்கும். என் வகுப்பு முழுவதையும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் அமைத்திருக்கிறேன்.

வகுப்பு தொடங்கியதும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பேன். எல்லாச் சீட்டும் ஒரே அளவு, ஒரே நிறம். பெயர் எழுதக் கூடாது. கேள்வி இல்லாதவர்களும் "கேள்வி இல்லை" என்று எழுதி மடித்துப் போட வேண்டும். இது முக்கியம். கேள்வி இருப்பவர்கள் மட்டும் எழுதட்டும் என்று விட்டால், பேனாவை எடுப்பவளை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவளும் எழுதாமல் வைத்துவிடுவாள். எல்லோர் கையிலும் பேனா ஓடும்போதுதான் உண்மையான கேள்வி வெளியே வருகிறது. கையைத் தூக்கிக் கேட்கச் சொன்னால் அறை அமைதியாக இருக்கும். அதே அறையிலிருந்து சீட்டுகள் வந்தால் படித்து முடிக்க நேரம் போதாது.

அதிகம் வரும் கேள்வி, ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருப்பது பற்றி. இது இயல்பு என்று சொன்னதும் அறையில் மூச்சு விடும் சத்தம் கேட்கும். மார்பக வளர்ச்சி சாதாரணமாக 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்குகிறது. ஒரு பக்கம் முதலில் அரும்பி, மறுபக்கம் சில மாதம் கழித்துத் தொடங்குவது ரொம்பச் சாதாரணம். முழு வளர்ச்சி அடைய வருடக்கணக்கில் ஆகும். வளர்ந்து முடிந்த பிறகும் இரண்டும் அச்சு அசலாக ஒரே அளவில் இருக்கிற பெண்கள் குறைவு.

அடுத்தது சின்ன வகுப்புப் பெண்களிடமிருந்து வருவது: "காம்புக்கு அடியில கட்டியா இருக்கு, தொட்டா வலிக்குது." அது மார்பு அரும்பு. காம்புக்கு நேர் கீழே வட்டமாக, கொஞ்சம் கெட்டியாக, தொட்டால் வலிக்கும்படி இருக்கும். சில சமயம் ஒரே பக்கத்தில் மட்டும் வரும். ஒரு பக்கம் மட்டும் கட்டி என்றதும் வீட்டில் பயந்துபோய் அழைத்து வருவார்கள். அனுபவமுள்ள டாக்டர் பார்த்ததும் சொல்லிவிடுவார். கட்டி என்று நினைத்து அந்த அரும்பை வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பு வளராமலே போகக்கூடும். ஒன்பது, பத்து வயதுப் பெண் குழந்தை இருக்கும் வீடுகளில் பெற்றோருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் இரண்டு பக்கமும் கனமாகி, வலித்து, தொட்டால் முடிச்சு முடிச்சாகத் தெரிவதும் பெரிய கவலை. மாதவிடாய் வந்து முடிந்ததும் குறைந்துவிடும் என்றால் பயப்பட எதுவும் இல்லை. சரியாகப் பொருந்துகிற உள்ளாடை, வெதுவெதுப்பான ஒத்தடம் போதும். எந்த நாளில் வலிக்கிறது என்று இரண்டு, மூன்று மாதம் காலண்டரில் குறித்து வரச் சொல்வேன். தன் வலிக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று அவளே கண்ணால் பார்த்துவிட்டால், நான் எத்தனை தடவை ஆறுதல் சொன்னாலும் கிடைக்காத நிம்மதி கிடைக்கிறது.

காம்பைச் சுற்றி ஓரிரு முடி இருப்பது இயல்பு. சின்ன வயதிலிருந்தே காம்பு உள்வாங்கியிருந்தால் அதுவும் இயல்பு, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டால்தான் காட்ட வேண்டும். கறுப்பு பிரா போட்டால் கேன்சர் வருமா, கம்பி வைத்தது போட்டால் வருமா, இரவில் கழற்றாமல் தூங்கினால் வருமா என்றெல்லாம் சீட்டு வரும். வராது. விளையாடும்போது பந்து பட்டால் வருமா? அடிபட்டதால் புற்றுநோய் வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, ஏற்கெனவே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படலாம், அவ்வளவுதான். ஆண்களுக்கு வருமா? வரும், ஆனால் குறைவு. மொத்த மார்பகப் புற்றுநோயில் 0.5 முதல் 1 சதவீதம் வரை ஆண்களுக்கு வருகிறது. பையன்களுக்கும் பருவ வயதில் மார்பு லேசாக வீங்கி வலிப்பது உண்டு, பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். தம்பியைக் கேலி செய்யாதீர்கள் என்று இந்த இடத்தில் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

சரி, முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பள்ளி மாணவிகள் மாதா மாதம் சுயபரிசோதனை செய்ய வேண்டுமா?

பதினைந்து வயதில் மார்பகப் புற்றுநோய் வருவது மிக மிக அரிது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, சுமார் 6,70,000 பேர் இறந்தார்கள். பெரிய எண்கள்தான். ஆனால் பாதிப்பு பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு. இந்த எண்களை மட்டும் திரையில் போட்டுக் காட்டிவிட்டு "எல்லோரும் தொட்டுப் பாருங்கள்" என்று சொன்னால், நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நாற்பது பேரும் அன்று இரவு பயந்துபோய்த்தான் படுப்பார்கள். வளரும் மார்பைத் தடவிப் பார்த்தால் கைக்கு ஏதாவது தட்டுப்படத்தான் செய்யும்.

சுயபரிசோதனை பற்றி நடந்த மிகப் பெரிய ஆய்வு சீனாவின் ஷாங்காய் நகரில் நடந்தது. 1989-இல் தொடங்கி, ஜவுளி ஆலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்து, மேற்பார்வையோடு பயிற்சியும் கொடுத்தார்கள். மற்ற பிரிவுக்கு அது இல்லை. சுமார் 10 ஆண்டு கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் பயிற்சி பெற்ற பிரிவில் 135 பேர், மற்ற பிரிவில் 131 பேர். வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். ஆனால் பயிற்சி பெற்ற பிரிவில் ஆபத்தில்லாத கட்டிகள் அதிகம் கண்டுபிடிக்கப்பட்டு, அவற்றுக்காகப் பயாப்ஸியும், அதாவது திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும், அதிகம் செய்யப்பட்டது. இதற்குப் பிறகு அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2003-இல் சுயபரிசோதனையை விருப்பப்பட்டவர்கள் செய்துகொள்ளலாம் என்று மாற்றியது. 2015-இல் பரிந்துரையிலிருந்தே எடுத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பள்ளிக்குப் போய் எதைச் சொல்வது என்று எங்கள் பிரிவின் அறுவை சிகிச்சை டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதை இன்றும் பின்பற்றுகிறேன்: "தேடச் சொல்லாதீங்க சிஸ்டர். தெரிஞ்சு வெச்சுக்கச் சொல்லுங்க. மாறினா வந்து சொல்லச் சொல்லுங்க." வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தவளுக்குத்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். அட்டவணை போட்டு மாதாமாதம் நோயைத் தேட வேண்டாம். குளிக்கும்போது, உடை மாற்றும்போது தன் உடம்பைக் கூச்சமில்லாமல் கவனிக்கிற பழக்கம் இருந்தாலே போதும்.

அதனால் வயதுக்கு ஏற்றபடி பிரித்துக்கொண்டேன். பதினாலு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வளர்ச்சி எப்படி நடக்கும், எது இயல்பு, யாரிடம் சொல்லலாம் என்பது மட்டும். தொட்டுப் பார்க்கும் முறையைச் சொல்வதே இல்லை. பள்ளியை முடிக்கப் போகிற பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்களுக்கு, தங்கள் இயல்பைத் தெரிந்து வைத்துக்கொள்வதற்காக, தொட்டுப் பார்க்கும் முறையையும் காட்டுவேன். பள்ளியை விட்டுப் போனபிறகு இதைச் சொல்லிக்கொடுக்க யாராவது வருவார்கள் என்பதற்கு உறுதி இல்லை. இப்போது கற்றுக்கொண்டால் இருபது வயதுக்கு மேல் பழக்கமாக வைத்துக்கொள்ளலாம், வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் சொல்லலாம்.

முறை இப்படி. மாதவிடாய் முடிந்து சில நாட்கள் கழித்து, வீக்கமும் வலியும் வடிந்த சமயத்தில் பார்ப்பது நல்லது. இந்த வயதில் பலருக்கு மாதவிடாய் ஒழுங்காக வராது. அவர்கள் வீக்கமும் வலியும் இல்லாத ஏதாவது ஒரு நாளில் பார்க்கலாம். முதலில் கண்ணால் பார்ப்பது. கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெளிச்சத்தில், கண்ணாடி முன் கைகளைத் தொங்கவிட்டு ஒருமுறை, தலைக்கு மேல் தூக்கி ஒருமுறை, இடுப்பில் கைவைத்து அழுத்தி ஒருமுறை. தோல் எங்காவது குழிந்து உள்ளே இழுக்கிறதா, சிவந்திருக்கிறதா, துளைத் துளையாகத் தடித்திருக்கிறதா, காம்பின் திசை மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. கையைத் தூக்கும்போதுதான் சில குழிவுகள் தெரியும், அதனால்தான் மூன்று நிலை.

அப்புறம் கையால். மல்லாந்து படுத்து, எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோமோ அந்தப் பக்கக் கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். படுத்தால் மார்பு பரவி மெல்லியதாகிறது, அடியில் இருப்பது கைக்குத் தெரியும். மறு கையின் நடு மூன்று விரல்கள். நுனியால் குத்தக் கூடாது, விரலின் தட்டையான பகுதியால் சின்னச் சின்ன வட்டமாகத் தடவ வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் முதலில் லேசாக, அடுத்து நடுத்தரமாக, கடைசியில் விலா எலும்பு தெரியும் அளவுக்குக் கொஞ்சம் அழுத்தி. அக்குளில் தொடங்கி மேலும் கீழுமாக வரிசையாகப் போய் நடு நெஞ்செலும்பில் முடிக்க வேண்டும். மேலே காறை எலும்பு வரை, கீழே மார்பின் அடி மடிப்பு வரை. அக்குளையும் விடக் கூடாது. காம்பைப் பிதுக்கிப் பார்க்க அவசியமே இல்லை. தானாகக் கசிந்து துணியில் கறை பட்டால்தான் கவனிக்க வேண்டும்.

கையால் பார்க்கும்போது பலரும் பயப்படும் இடங்கள் சில உண்டு. அழுத்தும்போது விலா எலும்பின் மேடு கட்டி என்று தோன்றும். மார்பின் அடி மடிப்பில் ஒரு கெட்டியான விளிம்பு இருக்கும், அது எல்லோருக்கும் உள்ளதுதான். மேல் வெளிப்பகுதி, அதாவது அக்குள் பக்கம், மற்ற இடங்களைவிட முடிச்சாகத் தெரியும். மறுபக்கத்தில் அதே இடத்தைத் தடவிப் பாருங்கள், இரண்டிலும் ஒன்றுபோல இருந்தால் பெரும்பாலும் அது உங்கள் இயல்பு என்று சொல்வேன். இந்த ஒரு வழியே பல பயங்களைப் போக்கிவிடுகிறது.

வகுப்பில் யாரும் உடையைத் தொட வேண்டியதில்லை. சிலிக்கோனில் செய்த மார்பக மாதிரி ஒன்று கொண்டுபோவேன், அதற்குள் கட்டிகள் வைத்திருக்கும். மூன்று அழுத்தத்தையும் முதலில் அவரவர் முன்கையில் தடவிப் பழகச் சொல்வேன். பிறகு மாதிரியில் கட்டியைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். மாதிரி இல்லை என்றால் கோட்டுப் படம் போதும். ஒரு பள்ளியில் படமே வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. படம் இல்லாமல் சொன்னால் பிள்ளைகள் போய்ப் போனில் தேடுவார்கள், அங்கே என்னென்ன வரும் என்று நமக்குத் தெரியும். கடைசியில் பாடப் புத்தகத்தில் இருப்பது போன்ற கோட்டுப் படத்துக்குச் சம்மதித்தார்கள்.

இன்னொன்றை எந்த வகுப்பிலும் விடாமல் சொல்வேன். இது உன் உடம்பு, உன் கை, தாழிட்ட அறை. பார்த்துச் சொல்கிறேன் என்று தோழியோ, உறவினரோ, பழகியவரோ யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல். போட்டோ எடுக்காதே, யார் கேட்டாலும் அனுப்பாதே, நெட்டில் யாராவது டாக்டர் என்று சொல்லிக் கேட்டாலும் அனுப்பாதே. டாக்டர் பரிசோதிக்கும்போது அம்மாவோ, பெண் செவிலியரோ கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உன் உரிமை. கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு, படம் சுருட்ட உதவி செய்கிற சாக்கில் நின்றாள். பல மாதமாக ஒரு கட்டி இருக்கிறதாம். அம்மாவிடம் சொல்லவில்லை. ஏன் என்றால், சொன்னால் அம்மா தாங்க மாட்டார். தினமும் நெட்டில் தேடித் தேடித் தனக்கு முற்றிய கேன்சர் என்றே முடிவு கட்டிவிட்டாள். பரீட்சை எழுதி என்ன பயன் என்று படிப்பையே விட்டிருந்தாள். மதிப்பெண் இறங்கியதற்குப் பள்ளியில் திட்டு வாங்கியிருக்கிறாள், காரணம் யாருக்கும் தெரியாது.

அவள் சம்மதத்தோடு வகுப்பாசிரியையிடம் சொன்னோம், ஆசிரியை அம்மாவை வரவழைத்தார். அடுத்த வாரம் இருவரும் எங்கள் பிரிவுக்கு வந்தார்கள். டாக்டர் பார்த்ததும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அனுப்பினார். இந்த வயதில் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுப்பதில்லை. இளம் வயது மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் அதில் கட்டி தெளிவாகத் தெரியாது, தேவையில்லாமல் கதிர்வீச்சு ஏன் என்பதும் காரணம். ஸ்கேனில் ஃபைப்ரோஅடினோமா என்று வந்தது. பதின்ம வயதில் மார்பில் வரும் கட்டிகளில் மிகச் சாதாரணமானது இதுதான். வழவழப்பாக, கோலிக்குண்டு போல விரலுக்கு அடியில் நழுவி ஓடும். சாதாரண ஃபைப்ரோஅடினோமா புற்றுநோயாக மாறுவது மிகவும் அரிது. பல கட்டிகள் அப்படியே இருக்கும், சில தானாகச் சுருங்கும். அறுவை சிகிச்சை வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம் என்றார் டாக்டர். வேகமாக வளர்ந்தாலோ, 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோதான் எடுப்பது பற்றி யோசிப்பார்கள். வளரும் வயதில் கத்தி வைத்தால் மார்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம் என்பதால் அவசரப்பட மாட்டார்கள்.

அம்மா வெளியே வந்து அழுதுவிட்டார். கட்டிக்காக அழவில்லை. "இத்தனை மாசம் எங்கிட்ட சொல்லாம வெச்சிருந்திருக்காளே" என்றுதான் அழுதார். அம்மாவுக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று மகள் மறைத்திருக்கிறாள். இந்தப் பெண்ணுக்குச் சுயபரிசோதனை முறை தெரியாதது பிரச்சினையே இல்லை, கட்டியை அவளே கண்டுபிடித்துவிட்டாளே. கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்ல முடியாததுதான் அவள் படிப்பையும் தூக்கத்தையும் கெடுத்தது. இதற்குப் பிறகு என் வகுப்பில் முறையைக் காட்டும் நேரத்தைக் குறைத்து, சொல்லிப் பழகும் நேரத்தைக் கூட்டினேன்.

சொல்லிப் பழகுவது என்றால், ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுவேன்: "அம்மா, என் மார்புல ஒரு மாற்றம் தெரியுது, டாக்டர்கிட்ட போகணும்." எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை சிரிப்பு வரும். மூன்றாவது தடவை சிரிப்பு அடங்கிவிடும். அம்மா இல்லாத பிள்ளைகள், அம்மாவிடம் சொல்ல முடியாத பிள்ளைகள் எந்த வகுப்பிலும் உண்டு, அதனால் அம்மா என்ற இடத்தில் பாட்டி, சித்தி, அக்கா, அத்தை, மிஸ் என்று யாரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். முதலில் சொன்ன ஆள் கண்டுகொள்ளாவிட்டால் அடுத்த ஆள் யார் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அப்பாவையும் விட்டுவிடாதீர்கள். மகளுக்கு உடம்பு சரியில்லை என்றதும் வேறு எதுவும் கேட்காமல் அழைத்து வந்து வரிசையில் நிற்கிற அப்பாக்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

எதையெல்லாம் காட்ட வேண்டும்? புதிதாகத் தெரிந்த கட்டி ஒரு மாதவிடாய் வந்து போன பிறகும் கரையாமல் இருந்தால் காட்ட வேண்டும். கட்டி வேகமாகப் பெரிதானால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். தோல் குழிவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, ஆறாத புண், தானாகக் கசியும் ரத்தம் அல்லது நீர், அக்குளில் நெறி கட்டி இரண்டு வாரமாகியும் வடியாதது, இவற்றையும் காட்ட வேண்டும். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் உடனே போக வேண்டும். அது சீழ் கட்டியாக இருக்கலாம், மருந்து தாமதமானால் வலியும் சிகிச்சையும் பெரிதாகும். இதில் எது இருந்தாலும் இளம் வயதில் காரணம் பெரும்பாலும் சாதாரணமானதுதான். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும்.

வகுப்பை ஏற்பாடு செய்கிற ஆசிரியைகளிடம் முன்கூட்டியே ஒன்று கேட்டுக்கொள்வேன். வீட்டில் யாருக்காவது புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிற பிள்ளையோ, அம்மாவை அந்த நோயில் இழந்த பிள்ளையோ இருக்கிறார்களா? இருந்தால் வகுப்புக்கு முன் அவளிடம் தனியாகப் பேசி, உட்காருவதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்க விட வேண்டும். வேண்டாம் என்றால் நூலகத்தில் ஒரு வேலை கொடுத்துவிடலாம். உட்காரச் சம்மதித்த ஒரு பெண் பாதியில் எழுந்து போனாள். பின்னாலேயே யாரையும் அனுப்பாமல் கொஞ்ச நேரம் விட்டு, அவளுக்குப் பிடித்த ஆசிரியை மட்டும் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண் பிறகு என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்கும் வருமா சிஸ்டர்?"

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம் வரைதான் பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் வருகிறது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள் அதில் முக்கியமானவை. அம்மாவுக்கு வந்ததாலேயே மகளுக்கு வந்தே தீரும் என்பதில்லை. அம்மாவுக்கு அந்த மாற்றம் இருந்தாலும் பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு பாதிதான். இது அப்பா வழியிலும் வரும், அதனால் அத்தை, அப்பாவின் அம்மா பற்றியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பள்ளி வயதில் எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. பெரியவளானதும் குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்ற விவரத்தோடு டாக்டரிடம் போய்ப் பேசினால் போதும். சின்ன வயதில் வேறு நோய்க்காக நெஞ்சுப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அவள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். இந்த விவரங்கள் பயத்தைக் குறைக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவளிடம் "பயப்படாதே" என்று நான் சொல்லவில்லை. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசிப் பத்து நிமிடம் வீட்டுப்பாடத்துக்கு. மதிப்பெண் கிடையாது. வீட்டில் உள்ள, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டு வர வேண்டும்: வலிக்காத கட்டியையும் காட்ட வேண்டும், மார்பிலோ அக்குளிலோ மாற்றம் தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது, நாற்பதுக்கு மேல் மேமோகிராம் எப்போது தேவை என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். உண்மையில் இந்த வகுப்பால் உயிர் காப்பாற்றப்பட வாய்ப்புள்ளவர்கள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைவிட அவர்களுடைய அம்மாக்களும் அத்தைகளும்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய உலகளாவிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பில் ஒரு இலக்கு, பெண் முதன்முதலில் மருத்துவமனைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயைக் கண்டறிந்துவிட வேண்டும் என்பது. அந்த 60 நாள் கணக்கு அவள் வீட்டை விட்டுக் கிளம்பி வந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. அதற்கு முன் வீட்டில் கழியும் மாதங்களை எந்த மருத்துவமனையாலும் குறைக்க முடியாது. மகள் குறைக்கலாம்.

சில பிள்ளைகள் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் பேச்சு?" என்று. அதனால் இப்போதெல்லாம் வகுப்புக்கு முன்பே பெற்றோருக்குக் கடிதம் அனுப்பச் சொல்கிறேன். என்ன சொல்லிக்கொடுக்கிறோம், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், உடம்பைப் பரிசோதிக்க மாட்டோம், போட்டோ எடுக்க மாட்டோம், மகள் வீட்டுக்கு வந்து உங்களிடம் மூன்று விஷயம் சொல்வாள், தயவுசெய்து கேளுங்கள். இவ்வளவுதான் கடிதம். கடிதம் போன பள்ளிகளில் திட்டு குறைந்திருக்கிறது. சில அம்மாக்கள் தங்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஏற்பாடு செய்ய நினைக்கும் ஆசிரியைகளுக்கு இன்னும் சிலது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் மட்டும் இருக்கட்டும். எல்லா வகுப்பையும் அரங்கத்தில் சேர்த்து உட்காரவைத்து மைக்கில் பேசினால் ஒருத்தி வாயும் திறக்காது. அக்டோபர், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று அன்றைக்கு மட்டும் ரிப்பன் குத்தி அனுப்பிவிடாமல், மூன்று, நான்கு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை அதே ஆளை வரவழையுங்கள். முதல் தடவை கேட்கத் துணியாதவள் இரண்டாவது தடவைதான் கேட்பாள், என் அனுபவத்தில் கட்டி இருக்கிறது என்று வந்து சொன்னவர்கள் பெரும்பாலும் இரண்டாம் தடவையில் வந்தவர்கள். வகுப்பு முடிந்ததும் வந்தவர் உடனே கிளம்பிவிடக் கூடாது, அரை மணி நேரமாவது அங்கேயே இருக்க வேண்டும். பக்கத்து அறை ஒன்றைக் காலியாக வைத்து, கதவை லேசாகத் திறந்து வையுங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த மருத்துவமனையின் எந்தப் பிரிவில் போய்ப் பார்க்கலாம் என்று எழுதிய சீட்டை எல்லோருக்கும் கொடுத்து அனுப்புங்கள், கேட்டவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.